பள்ளியில் உணவுத் திருவிழா: பாதுகாப்புப் பொறுப்பு என் தலையில், எங்கே தொடங்குவது?

கெடிலக்கரை அம்மா (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் குழந்தைகள் தினத்தை ஒட்டி உணவுத் திருவிழா நடத்தப் பெற்றோர் ஆசிரியர் கழகம் முடிவு செய்திருக்கிறது. முப்பது ஸ்டால் வரை வரும் என்கிறார்கள். பாதிப் பேர் வீட்டில் சமைத்து எடுத்து வருவார்கள். மீதிப் பேர் அங்கேயே அடுப்பு வைத்துச் சுடச்சுடப் பஜ்ஜி, தோசை, பணியாரம் போடுவார்கள். இவை போகக் குதிக்கும் பலூன், பஞ்சுமிட்டாய், ரோஸ்மில்க், குலுக்கல் பரிசு.

கூட்டத்தில் வேலைகளைப் பிரித்தபோது 'பாதுகாப்பு' என்ற வரிக்கு எதிரே என் பெயரை எழுதிவிட்டார்கள். அந்த வரிக்குக் கீழே என்ன வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. தாளாளரைக் கேட்டேன். "முதலுதவிப் பெட்டி ஒன்று வாங்கி மேடைப் பக்கம் வையுங்கள், போதும்" என்றார். போதுமா? இப்படி நடத்திப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர்

அம்மா, பெட்டி வாங்குங்கள், தேவைதான். ஆனால் அது நடந்த பிறகு திறப்பது. நடக்காமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் உங்கள் வேலை.

முதல் கேள்வி: பந்தல் எதில் போடுகிறார்கள்? கீற்று என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையில் ஏறி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் பள்ளி விழா என்றால் 'கீற்று குளிர்ச்சியாக இருக்கும்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். துணிச் சாமியானாவும் நெருப்புக்குப் பயந்ததில்லை. அடுப்புக்கு மேலே எதுவுமே இருக்கக் கூடாது, திறந்த வானம்தான்.

இரண்டாவது, அடுப்புகளை மைதானம் முழுக்க இறைக்காதீர்கள். ஒரே வரிசையில், மைதானத்தின் மேற்கு ஓரமாக வையுங்கள். பிற்பகலில் நம் ஊரில் காற்று கடலிலிருந்துதான் வரும். அடுப்பு கிழக்கே இருந்தால் புகையும் பொறியும் கூட்டத்தின் மேல் போகும், மேற்கே இருந்தால் வெளியே போகும். அந்த வரிசைக்கு முன்னால் மேசை, மேசைக்கு முன்னால் கயிறு. பிள்ளைகள் வாங்கும் பக்கம் வேறு, எண்ணெய்ச் சட்டி இருக்கும் பக்கம் வேறு.

சிலிண்டர் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் நீளம்.

கணக்கு வாத்தியார்

ஐயா சொல்வதில் தவறில்லை. ஆனால் இந்தப் போக்கில் போனால் விழாவே இருக்காது. ஏற்கெனவே சுற்றுலா நின்றுவிட்டது, நீச்சல் நின்றுவிட்டது, மரத்தில் ஏறினால் பெற்றோருக்குக் கடிதம் போகிறது. ஒரு நாள் பிள்ளைகள் கையால் பணியாரம் சுட்டு விற்று, சில்லறை எண்ணி, கணக்கு எழுதிப் பழகட்டுமே. நாங்கள் எல்லாம் விறகடுப்புப் பக்கத்தில்தான் வளர்ந்தோம்.

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர்

வாத்தியாரே, உங்கள் வீட்டு விறகடுப்பைச் சுற்றி எத்தனை பேர் நெருக்கியடித்தார்கள்? விழாவில் ஒரு சட்டியைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் நிற்பார்கள், பின்னால் இருப்பவன் தள்ளுவான். பணியாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டிப் பக்கம் பெரியவர், கல்லாப் பக்கம் பிள்ளை. உங்கள் கணக்கு அங்கே நன்றாகவே நடக்கும்.

இப்போது சிலிண்டர். விழா நாளில் எல்லோரும் வீட்டுச் சிலிண்டரைத்தான் தூக்கி வருவார்கள். 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வெளியில் விற்பனைக்குச் சமைக்க 19 கிலோ வணிகச் சிலிண்டர் எடுக்க வேண்டும். அதனால் அடுப்பு ஸ்டால்களின் எண்ணிக்கையை முதலில் குறையுங்கள். பத்து அடுப்பு இருந்தால் பத்தையும் ஒருவர் கவனிக்க முடியாது, நான்கு என்றால் முடியும்.

சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். எரிவாயு தீரும் நேரத்தில் படுக்க வைப்பது, வெந்நீர் அண்டாவில் இறக்குவது என்று நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாயில் வந்து அடுப்பு ஆளுயரத்துக்கு எரியும். ரப்பர் குழாயைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த ஸ்டால் அடுப்பு ஏற்றக் கூடாது. தரமான குழாயில் ஆண்டு அச்சிட்டிருக்கும், ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும். ரெகுலேட்டரை மாட்டியதும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிகிறது. தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிக்கும் மேதைகளை மைதானத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

இன்னொன்று. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். திறந்த சாக்கடைக் கால்வாய் ஓரமாக அடுப்பு வரிசை வைக்காதீர்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் நீராவியாகி எரியும் எண்ணெயை எல்லோர் மேலும் வீசும். அடுப்பை அணை, சட்டியை மூடு, அவ்வளவுதான். ஒவ்வொரு சட்டிக்கும் அளவான மூடி பக்கத்தில் இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். மூடி இல்லாமல் வரும் பஜ்ஜிச் சட்டிதான் அதிகம். கூடவே பிழிந்த ஈரச் சாக்கு, ஒரு வாளி மணல், உலர் தூள் தீயணைப்பான். தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். சுவரில் ஆணியடித்து மாட்டி, முள் சிவப்புக்குப் போய்க் கிடப்பவற்றைப் பள்ளிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புலியூர் பந்தல்

முப்பது வருடமாகப் பந்தல் தொழில் செய்கிறேன், திருப்பாதிரிப்புலியூர். ஒரே ஒரு விஷயம்: நவம்பர் 14 என்பது கடலூரில் பந்தல் போடும் தேதியா? வடகிழக்குப் பருவமழையின் நடு மாதம் அது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறியது. 2011-இல் தானே புயல் டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அடித்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. புயல் வராவிட்டாலும் தரை நனைந்திருக்கும், கால் ஊன்ற மாட்டேன் என்று மூங்கில் அடம்பிடிக்கும். ஈரத் தரையில் மின்சாரக் கம்பி வேறு.

பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் வையுங்கள். வெயிலும் ஏறாது, பொதுத்தேர்வுக்கும் நாள் இருக்கும். எனக்கு நவம்பரில் ஒரு வேலை போகிறது, பரவாயில்லை.

கெடிலக்கரை அம்மா (கடலூர்)

பந்தல் அண்ணா, தேதியைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. நாளைக்கே கூட்டத்தில் வைக்கிறேன். தீயணைப்பு ஐயா எழுதியதை அச்செடுத்து வைத்துவிட்டேன். உணவு பற்றி யாராவது சொல்லுங்கள். தயிர்சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை என்று ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

செவிலி, முதுநகர்

சகோதரி, அந்த ஒன்பது பேரிடமும் முதலில் பேசுங்கள். கலந்த சாதம் சாதுவானது என்று எல்லோரும் நினைக்கிறோம். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சை விடும். பிறகு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளறி, டப்பாவில் அடைத்து, ஸ்கூட்டரில் வைத்து, பதினொரு மணிக்கு விற்றால் ஆறு மணி நேரம். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ஆகையால் வீட்டிலிருந்து வருவதை உலர்ந்த பண்டமாக மாற்றச் சொல்லுங்கள். முறுக்கு, அதிரசம், தட்டை, கடலை உருண்டை, முந்திரிக் கேக். நாள்பட்டாலும் கெடாது. சாதம் வேண்டும் என்றால் பள்ளிச் சமையலறையிலேயே விற்பனைக்குச் சற்று முன் கிளறட்டும். தோசை ஸ்டாலில் ஆபத்து தோசை அல்ல, தேங்காய்ச் சட்னி. நண்பகல் வெயிலில் குண்டானில் நுரை கட்டும். சிறிது சிறிதாக அரைத்து எடுத்து வரட்டும், அல்லது இட்லிப் பொடியும் எண்ணெயும் போதும்.

ஐஸ் எங்கே வாங்குகிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். எங்கள் பக்கம் துறைமுகத்தில் மீனுக்கு என்று பனிக்கட்டிப் பாளம் விற்கிறார்கள். அது குடிநீரில் செய்ததல்ல, சாக்கில் சுற்றித் தரையில் இழுத்து வருவார்கள். ரோஸ்மில்க் ஸ்டால்காரர் மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் ஒரு பாளம் வாங்கிவிட்டால் மறுநாள் பள்ளியில் பாதி வகுப்பு இருக்காது. பாட்டிலைப் பனிக்கட்டிக்குள் புதைத்துக் குளிரவைக்கலாம், பானத்துக்குள் போடக் கூடாது.

முந்திரியும் வேர்க்கடலையும் நம் மாவட்டத்தில் எல்லாப் பலகாரத்திலும் இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு துண்டு போதும், மூச்சு அடைக்கும். எதில் என்ன கலந்திருக்கிறது என்று தட்டுக்கு முன்னால் ஒரு சீட்டு வைக்கச் சொல்லுங்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கையுறையை நம்பாதீர்கள். கையுறை போட்ட கையாலேயே பத்து ரூபாய் நோட்டை வாங்கி, அதே கையால் பஜ்ஜியை எடுப்பார்கள். நுழைவாயிலில் கூப்பன் விற்றுவிடுங்கள், ஸ்டாலில் பணமே புழங்க வேண்டாம். குழாய் வைத்த டிரம் இரண்டு, சோப்பு, கீழே வாளி. கையில் புண் உள்ளவரும் வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் ஆகாதவரும் பரிமாறக் கூடாது.

சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசை, பேனா மை, காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். பனிக்கட்டியும் வேண்டாம். இதை ஒலிபெருக்கியில் ஒரு முறை சொன்னாலே நல்லது.

முத்தியால்பேட்டை டீச்சர் (புதுச்சேரி)

பஞ்சுமிட்டாய் என்று எழுதியிருக்கிறீர்களே, இளஞ்சிவப்பு நிறத்திலா? 2024 பிப்ரவரியில் முதலில் எங்கள் புதுச்சேரியில்தான் தடை வந்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சில நாட்களில் தமிழ்நாட்டிலும் தடை. அதே ஆண்டு ஏப்ரலில், திரவ நைட்ரஜனில் நனைத்துத் தரும் புகை பிஸ்கட்டுக்கும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விடுத்தது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, ஆவியாகி முடிவதற்குள் விழுங்கினால் குடல் வெந்துபோகும். பிள்ளைகள் கேட்கும் பொருள் இவைதான், வியாபாரிகளும் இவற்றைத்தான் கொண்டுவருவார்கள். ஒப்பந்தம் பேசும்போதே 'கிடையாது' என்று சொல்லிவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் எந்த உணவு வியாபாரியிடமும் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று கேளுங்கள். ஆண்டு விற்பனை குறைவாக இருக்கும் சிறு வியாபாரிக்கும் பதிவு உண்டு. பெற்றோர் ஸ்டால்களுக்கு என்ன நடைமுறை என்பதை உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் பட்டியலோடு நேரில் போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் கேட்டபோது மறுக்கவில்லை, உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரே வந்து எண்ணெயைப் பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் தமிழ்நாடு, நாங்கள் யூனியன் பிரதேசம், அலுவலகங்கள் வேறு. எங்கள் பாகூர்ப் பக்கத்து வியாபாரி காட்டும் சான்று எங்கே பதிவானது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருதாணி ஸ்டால் உண்டா? அரைத்த இலை என்றால் சரி. உடனே கறுப்பாகப் பிடிக்கும் கூம்பு வேண்டாம். அதில் தலைமுடிச் சாயத்தின் வேதிப்பொருளைக் கலப்பார்கள், தோல் கொப்பளிக்கும்.

கம்பி வேலை

மின்சாரம் யார் பார்க்கிறார்கள்? 'ஒலிபெருக்கிக்காரர் பார்த்துக்கொள்வார்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். அவருக்குப் பாட்டு ஓடினால் போதும். பள்ளியின் ஒரு வகுப்பறைப் பிளக்கிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுத்து, அதில் இன்னொன்றைச் செருகி, பிளக் இல்லாத ஒயர் நுனிகளை ஓட்டையில் வைத்துத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். அதன் மேல் பிள்ளைகள் ஓடுவார்கள்.

30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் வைத்த தற்காலிகப் பலகை ஒன்று போடச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளர் கையெழுத்து வாங்குங்கள். கம்பி தரையில் படுக்கக் கூடாது, தலைக்கு மேலே போக வேண்டும். இரும்புக் கால் பந்தலில் சீரியல் பல்பைச் சுற்றக் கூடாது. ஜெனரேட்டர் மூடிய இடத்தில் இருக்கக் கூடாது, அதன் புகை ஆளை மயக்கிக் கொல்லும். ஓடும்போது டீசல் ஊற்றக் கூடாது.

குதிக்கும் பலூன் பற்றி யாரும் பேசவில்லையே. அதற்கு ஓயாமல் காற்றடிக்கும் விசிறி ஒன்று உண்டு. மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பலூன் பிள்ளைகள் மேல் படுத்துவிடும்.

புலியூர் பந்தல்

மின்சாரம் நிற்பதைவிடப் பெரிய பயம் காற்று. பலூனைக் கட்டும் முளை நம் கடற்கரை மணலில் பிடிக்காது. கையாலேயே பிடுங்கலாம். செம்மண் தரையில் கட்டிப் பழகியவர் தேவனாம்பட்டினம் பக்கம் வந்து அதே முளையை அடித்துவிட்டுப் போய்விடுவார்.

முத்தியால்பேட்டை டீச்சர் (புதுச்சேரி)

2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு தொடக்கப் பள்ளி விழாவில் காற்று அந்தப் பலூனைத் தூக்கியது. 6 குழந்தைகள் இறந்தார்கள். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. காற்றுமானி கையடக்கமாகவே கிடைக்கிறது. ஆனால் பலூன்காரரிடம் அது இருக்காது.

கணக்கு வாத்தியார்

பலூனை விட்டுவிடலாம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது வெறும் வாடகைப் பொருள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இத்தனையும் எழுதி, கோப்பில் போட்டு, தாளாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுவீர்கள். விழா நாளில் யார் பார்ப்பார்கள்? சிறப்பு விருந்தினர் வந்ததும் எல்லா ஆசிரியர்களும் மேடைப் பக்கம்தான் நிற்பார்கள். இது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. ஒரு ஸ்டாலில் எண்ணெய் புகைகிறது, நடத்துவது நன்கொடை கொடுத்த பெற்றோர். அவரிடம் 'அணையுங்கள்' என்று யார் சொல்வார்?

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

அம்மா, ஆபத்துக் குறிப்பை ஒரே தாளில் எழுதுங்கள். எந்த ஸ்டால், என்ன ஆபத்து, யாருக்கு, என்ன செய்திருக்கிறோம், யார் பொறுப்பு. கடைசிக் கட்டத்தில் 'விழாக் குழு' என்று எழுதினால் யாருமே இல்லை என்று பொருள், ஆள் பெயர் வேண்டும். அதற்கும் மேலே, முழு மைதானத்துக்கும் ஒரே ஒருவர். எந்த ஸ்டாலையும், குலுக்கலையும், முழு விழாவையும் நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு என்று தாளாளரே ஒலிபெருக்கியில் முதலிலேயே அறிவிக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. மேடையில் நாற்காலி போடக் கூடாது. பொன்னாடையும் போர்த்தக் கூடாது.

குலுக்கலை ஏன் சொல்கிறேன் என்றால், நாள் முழுக்கச் சிதறி இருக்கும் கூட்டம் அந்த ஒரு நேரத்தில்தான் மேடைக்கு முன்னால் அடைகிறது. பரிசு எண்களைப் பலகையில் எழுதி இரண்டு மூன்று இடங்களில் மாட்டிவிடுங்கள், கூட்டம் தானாகப் பிரியும்.

வாசல் இரண்டும் திறந்திருக்க வேண்டும். பின்வாசல் பூட்டி, சாவி காவலாளி இடுப்பில், காவலாளி தேநீர்க் கடையில் என்று இருக்கக் கூடாது. பூட்டையே கழற்றி அலுவலகத்தில் வையுங்கள், வாசலில் ஓர் ஆள் நிற்கட்டும். 108 வண்டி உள்ளே வரும் பாதையில் இருசக்கர வண்டி ஒன்றுகூட நிற்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

செவிலி, முதுநகர்

காணாமல் போகும் பிள்ளைகளை மறந்துவிட்டோம். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோர் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். பெயரைச் சட்டையில் குத்த வேண்டாம், தெரியாத ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை போய்விடும். தனியே நிற்கும் பிள்ளை கிடைத்தால் ஒலிபெருக்கியில் பெயரையும் சட்டை நிறத்தையும் அறிவிக்காதீர்கள். 'பிள்ளையைத் தேடுவோர் அலுவலகத்துக்கு வாருங்கள்' என்று மட்டும் சொல்லி, வருபவரை அடையாளம் சொல்ல வைத்துப் பிறகு ஒப்படையுங்கள். அங்கே இரண்டு ஆசிரியைகள் இருக்க வேண்டும், ஒருவர் போதாது.

இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பிள்ளைகளும் சாரணர்களும் உங்கள் பள்ளியில் இருந்தால் குடிநீர், கைகழுவும் இடம், வரிசை இவற்றை அவர்களிடம் கொடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

கெடிலக்கரை அம்மா (கடலூர்)

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். தேதி ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமைக்கு மாறியது. பந்தல் அண்ணாவின் புயல் கணக்கைச் சொன்னதும் தாளாளர் உடனே ஒப்புக்கொண்டார். அடுப்பு ஸ்டால் நான்கு, வணிகச் சிலிண்டர். சாதம் பள்ளிச் சமையலறையில். ஒன்பது பேரில் இருவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள், மற்றவர்கள் பலகாரத்துக்கு மாறினார்கள். கூப்பனுக்கு எல்லோரும் சரி என்றார்கள், காரணம் சுத்தம் அல்ல, கணக்கு எளிது என்பதுதான்!

பலூனில்தான் இழுபறி. முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்கிறார் பொருளாளர். உள்விளையாட்டுக் கூடத்தில் காற்றுப்படாமல் வைக்கலாமா?

கம்பி வேலை

கூரை உயரமும் வாசல் அகலமும் இருந்தால் வைக்கலாம். விசிறிக்குத் தனி இணைப்பு, வேறு எதையும் அதில் மாட்டக் கூடாது. ஒரே நேரத்தில் சில பிள்ளைகள் மட்டும், ஒரே வயதுக்காரர்கள், செருப்பும் கண்ணாடியும் கழற்றிவிட்டு. விசிறிச் சத்தம் குறைந்த உடனே பிள்ளைகளை இறக்க இரண்டு பெரியவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த இரண்டு பேர் கிடைக்காவிட்டால் முன்பணம் போகட்டும்.

கெடிலக்கரை அம்மா (கடலூர்)

சரி, ஆள் கிடைத்தால்தான் பலூன். இன்னும் ஒன்றுதான் பாக்கி. நிறுத்தச் சொல்லும் அந்த ஒருவர் யார் என்று கேட்டதும் கூட்டத்தில் ஒரே அமைதி. பெற்றோரிடம் கறாராகப் பேசக்கூடியவர், தயவு தாட்சண்யம் பார்க்காதவர் வேண்டும். வாத்தியார் ஐயா, நீங்கள் எங்கள் ஊர்தானே?

கணக்கு வாத்தியார்

ஊர் அதுதான். தாளாளர் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சம்மதித்தால் வருகிறேன். பணியாரம் போடுகிறவர்கள் மூடியோடு வரட்டும்.

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர்

நல்லது. வாத்தியார் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்துக்கு அந்த அதிகாரம் யாரிடம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.